குழந்தைகளோடு காரில் ஒரு வாரம்: கையைக் கடிக்காமல் எப்படித் திட்டமிடுவது?

மாலைவெயில்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில் சொந்தக் காரிலேயே ஒரு வாரம் வெளியூர் போய்வரலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 7 வயதுப் பெண், 3 வயதுப் பையன். ஐந்து பேர் உட்காரும் சாதாரணப் பெட்ரோல் கார். இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் திட்டம்: ஐந்து ஊர்கள், மொத்தம் சுமார் 1,500 கிலோமீட்டர், கிட்டத்தட்ட தினமும் ஒரு புது இடத்தில் தங்கல். கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஒதுக்கிய தொகையைத் தாண்டிப் போகிறது. எதில் குறைப்பது? அறை வாடகையிலா, சாப்பாட்டிலா, பார்க்கும் இடங்களிலா? செலவைக் குறைக்கிறேன் என்று பிள்ளைகளைப் படுத்தி எடுக்கவும் மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு:

சகோதரி, நீங்கள் சொன்ன மூன்றையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தினமும் ஊர் மாறினால் தினமும் பெட்டி கட்ட வேண்டும். காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். அதுவரை இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவீர்கள்? அந்த இடைவேளையில்தான் பணம் கரைகிறது. பசிக்கும், வெயிலுக்கு ஒதுங்கத் தோன்றும், பையன் தூக்கத்துக்கு அழுவான், கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்துவிடுவோம். எந்தத் தாளிலும் எழுதி வைக்காத செலவு இது.

ஒரே ஊரையோ, மிஞ்சிப் போனால் இரண்டு ஊர்களையோ தங்குமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருப்பதைப் பகலில் பார்த்துவிட்டு இரவு அதே அறைக்குத் திரும்புங்கள். மூன்று நான்கு இரவுகளைச் சேர்த்து எடுத்தால் பல விடுதிகளில் வாடகையைக் குறைத்துத் தருவார்கள். அதை நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

எரிபொருளையும் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் என்றால் 1,500 கிலோமீட்டருக்கு 100 லிட்டர். தூரத்தை 900 ஆக்கினால் 60 லிட்டர்தான். மிச்சமாகும் 40 லிட்டரை உங்கள் பக்கத்து விலையால் பெருக்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு நல்ல இடங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் அளவுக்கு வரலாம்.

ஒன்று மட்டும் கவனம். வரைபடம் காட்டும் தூரத்தை அப்படியே கணக்கில் எடுக்காதீர்கள். வழி தவறுவது, சாப்பிடத் திரும்புவது, ஊருக்குள் சுற்றுவது எல்லாம் சேர்ந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் போட்டால் பிறகு திண்டாட வேண்டியதில்லை.

இரவுப்பறவை:

ஊர்களைக் குறைப்பது சரிதான். இன்னொரு வழியும் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகள் அரை மணியில் தூங்கிவிடுவார்கள். சாலையில் நெரிசல் இருக்காது, ஏசியும் அதிகம் தேவைப்படாது. முக்கியமாக, ஒரு இரவு அறை வாடகை மிச்சம். எங்கள் வீட்டில் நீண்ட தூரம் என்றால் இரவில்தான்.

மூன்றுபிள்ளையம்மா:

இரவுப்பறவை, உங்கள் மேல் வருத்தமில்லை, ஆனால் இந்த யோசனையை நான் கடுமையாக மறுக்கிறேன். பகல் முழுக்க வேலை பார்த்து, பெட்டி கட்டி, பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் என்றால் இரவு பதினொன்றுக்கு 17 மணி நேரம் ஆகிறது. 1997-இல் 'நேச்சர்' இதழில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று கண்டார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டுவதே குற்றம். குடித்தவர் ஓட்டும் காரில் நம் பிள்ளைகளை ஏற்றுவோமா?

பின்னால் மூவரும் தூங்குவது ஓட்டுபவருக்கு இன்னும் ஆபத்து. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. நள்ளிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும். காபி குடிப்பது, கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

வரவுசெலவு:

அக்கா சொன்ன பாதுகாப்புதான் முதல் காரணம். பணக்கணக்கிலும் அது மிச்சமில்லை என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். இரவெல்லாம் ஓட்டிக் காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அறை கிடைக்காது. சீக்கிரமே அறை வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கேட்பார்கள், சில இடங்களில் முந்தைய இரவுக்கான வாடகையையே கேட்பார்கள். கொடுத்துவிட்டு உள்ளே போனாலும் ஓட்டியவர் மதியம் வரை தூங்குவார். அந்தப் பகல் போய்விட்டது.

இரவுப்பறவை:

17 மணி நேரக் கணக்கை நான் இப்படி யோசித்ததில்லை. எங்கள் வீட்டில் ஓட்டுபவர் மதியமே நன்றாகத் தூங்கி எழுவார், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவோம். அப்படி வசதி இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் விடியற்காலையில் கிளம்புவது எப்படி?

மூன்றுபிள்ளையம்மா:

அது நல்ல யோசனை. ஒரு நிபந்தனை உண்டு: ஓட்டுபவர் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிட வேண்டும். பெட்டிகளை மாலையிலேயே வண்டியில் ஏற்றிவிடுங்கள். ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பினால் பிள்ளைகள் இரவு உடையிலேயே வந்து மீதித் தூக்கத்தைக் காரில் தூங்குவார்கள். அவர்கள் விழிக்கும்போது முதல் 100 கிலோமீட்டர் முடிந்திருக்கும், காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தவும் சரியாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடிப்பது போலத் திட்டமிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டிலிருந்து நான்கு மணி வரையும் கண் சொக்கும் நேரம்.

சக்கரம்:

வண்டி விஷயத்தை யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பட்டறை வேலை என் தொழில்.

சர்வீஸைக் கிளம்புவதற்கு முதல் நாள் செய்யாதீர்கள். இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டு ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். சரியாக முறுக்காத ஒரு நட்டு, ஒழுகும் ஒரு குழாய், எதுவானாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதே பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்யலாம். நடுவழியில் தெரிந்தால் இழுவை வண்டிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

டயர் காற்று: ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். அதில் இரண்டு அளவுகள் போட்டிருப்பார்கள், ஒன்று ஆள் குறைவாக இருக்கும்போது, இன்னொன்று முழுச் சுமைக்கு. உங்களுக்கு இரண்டாவது அளவு. டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டியை எடுத்தவுடன், காற்றைப் பாருங்கள். ஓடிய பிறகு காற்று சூடாகி அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது. சுமை அதிகம், காற்று குறைவு, வெயில், வேகம் இந்த நான்கும் சேரும்போதுதான் டயர் வெடிக்கிறது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், பல நாடுகளில் சட்டப்படியான கடைசி அளவே அதுதான். ஸ்டெப்னியிலும் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் அதற்கு மாதக்கணக்கில் காற்றே பிடித்திருக்க மாட்டார்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் எங்கே இருக்கின்றன என்று நீங்கள் இருவருமே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கூரை மேல் சுமை. உள்ளே இடம் போதவில்லை என்று மேலே பெட்டி கட்டுகிறவர்கள் அதிகம். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, பெரிய கூரைப் பெட்டி ஒன்று ஊருக்குள் ஓட்டும்போது மைலேஜை 2 முதல் 8 சதவீதம் குறைக்கும். மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 முதல் 25 சதவீதம் வரை குறைக்கும். வண்டிக்குப் பின்னால் மாட்டும் பெட்டிக்கு நெடுஞ்சாலையில் அந்த இழப்பு 1 முதல் 5 சதவீதம்தான். எதிர்க்காற்றில் மாட்டாமல் வண்டியின் நிழலில் ஒளிந்திருப்பதுதான் காரணம். எல்லாவற்றையும் விட நல்லது, டிக்கியில் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்வது.

வேகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். 200 கிலோமீட்டரில் அதனால் கிடைக்கும் நேரம் அரை மணி. பிள்ளைகளோடு போகும்போது ஒரு கழிவறை நிறுத்தத்தில் அந்த அரை மணி போய்விடும். பெட்ரோலுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது.

மாலைவெயில்:

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சக்கரம் அண்ணா, கூரைப் பெட்டி வாடகைக்கு எடுப்பதாக இருந்தோம், விட்டுவிடுகிறோம். அப்புறம், பையனுக்கு குழந்தை இருக்கை இல்லை. இதுவரை மடியில் வைத்துத்தான் போயிருக்கிறோம். புதிதாக வாங்கினால் செலவு அதிகமாகிறது. பழையது கிடைத்தால் வாங்கலாமா?

மூன்றுபிள்ளையம்மா:

மடியில் வேண்டாம் தங்கை. இந்த ஒரு செலவை மட்டும் எதைக் குறைத்தாவது செய்துவிடுங்கள்.

கணக்காகவே பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அந்த நொடிப்பொழுதில் 10 கிலோ குழந்தை நம் கையை 160 கிலோ எடை போல இழுக்கும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. அன்புக்கும் கைவலுவுக்கும் அங்கே வேலையே இல்லை. நம் பெல்ட்டையே இருவருக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம், நம் உடம்பின் முழு எடையும் குழந்தையை நசுக்கும்.

பழைய இருக்கை விஷயம்: முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். ஒரு விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே விரிசல் இருக்கும். பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு, இருக்கையின் அடியிலோ பின்னாலோ தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும், சிலவற்றில் காலாவதித் தேதியும் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அக்கா, அண்ணன் வீட்டில் இருந்தால், அது எந்த விபத்திலும் சிக்கவில்லை என்று அவர்களுக்கே நிச்சயமாகத் தெரிந்தால், தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். வாடகைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் பெண்ணை மறந்துவிடாதீர்கள். ஏழு வயதில் பெரியவர்களுக்கான பெல்ட் கழுத்தை அறுக்கிற மாதிரி வரும், இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறும். உயரம் 135 சென்டிமீட்டர் ஆகும் வரையிலாவது, 150 வரை இருந்தால் இன்னும் நல்லது, அடியில் பூஸ்டர் இருக்கை, அதாவது பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் திண்டு, வேண்டும். அதன் விலை குழந்தை இருக்கையை விட மிகவும் குறைவு. இரண்டு பேரும் பின் இருக்கையில்.

கைக்குழந்தை உள்ளவர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை: குழந்தை பின்பக்கம் பார்த்திருக்கும் இருக்கையை, ஏர்பேக் அணைக்கப்படாத முன்சீட்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். பிஞ்சுக் குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் வைத்திருக்கவும் வேண்டாம். நிறுத்தி எடுத்து, படுக்க வைத்து, பிறகு போங்கள்.

நிழல்தேடி:

பாதுகாப்புப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு நிமிடம்தான், தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்று தூங்கும் பிள்ளையைக் காரில் விட்டுப் போகாதீர்கள். 2005-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே இதமான வெயில்தானே என்று நினைக்கும் நாளிலும் உள்ளே ஆபத்தான சூடு வந்துவிடும். குழந்தையின் உடல் பெரியவர்களை விட வேகமாகச் சூடேறும்.

கூடவே ஒரு சின்ன வழக்கம்: கைப்பையைப் பின் இருக்கையின் கீழே வையுங்கள். இறங்கும்போது பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும்.

அடுப்படி:

சாப்பாட்டுக்கு வருவோம். நான் இதில் கொஞ்சம் பிடிவாதக்காரி.

மூன்று வேளையும் வெளியே சாப்பிடுவதும் வேண்டாம், மூன்று வேளையும் விடுமுறையில் நீங்களே சமைப்பதும் வேண்டாம். காலையும் இரவும் எளிதாக நாமே பார்த்துக்கொண்டு, மதியம் ஒரு வேளை மட்டும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம். பல உணவகங்களில் மதியச் சாப்பாடு இரவை விட விலை குறைவு, கூட்டமும் குறைவு, பிள்ளைகளும் சோர்ந்திருக்க மாட்டார்கள். சிறியவனுக்குத் தனித் தட்டு கேட்காதீர்கள், முதலில் ஒரு காலித் தட்டு வாங்கிப் பங்கிட்டுப் பாருங்கள்.

தங்குமிடத்தில் சிறு சமையலறை இருந்தால் கொஞ்சம் கூடுதல் வாடகையானாலும் எடுக்கலாம். அடுப்பு இல்லாவிட்டாலும் குளிர்பெட்டியும் வெந்நீர்க் கெட்டிலும் இருந்தால் பாதி வேலை நடந்துவிடும். பால், பழம், வேகவைத்த முட்டை, ரொட்டி, தயிர் இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

வழிச் சாப்பாட்டுக்கு ஐஸ் பெட்டி கட்டாயம். தனியாக ஐஸ் வாங்க வேண்டாம். தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி முதல் நாள் இரவு உறைய வைத்துப் பெட்டிக்குள் அடுக்குங்கள். காலையில் அவை பெட்டியைக் குளிரவைக்கும், மதியம் குடிக்கக் குளிர்ந்த தண்ணீராகும். குடிதண்ணீர் வாங்கும் காசும் மிச்சம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகளை நினைவில் வையுங்கள்: சமைத்த உணவு வெளிச்சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60 டிகிரிக்கு மேலே. காருக்குள் இருக்கும் சூடு கிருமிகள் பெருகுவதற்கு வசதியானது. மிச்சம் பிடிக்கிறேன் என்று காலையில் கட்டியதை மாலையில் கொடுத்து ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டுவிட்டால், மருத்துவரும் மருந்துமாக மொத்தக் கணக்கும் தலைகீழாகிவிடும்.

ஓடும் வண்டியில் சின்னவனுக்குக் கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் முன்னால் இருப்பவருக்குத் தெரியவே நேரமாகும். வண்டியை நிறுத்தி, உட்கார வைத்து, சாப்பிட வையுங்கள்.

மாலைவெயில்:

பாட்டிலை உறைய வைப்பது அருமையான யோசனை அடுப்படி அக்கா. பெண்ணுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வருகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

நிழல்தேடி:

இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை இது அதிகம், வளர வளரக் குறைந்துவிடும். உள்காது "நகர்கிறோம்" என்கிறது, புத்தகத்தையோ போனையோ பார்க்கும் கண் "அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. இரண்டும் முரண்படும்போது குமட்டுகிறது. அதனால் வளைவுகளில் திரை, புத்தகம், வண்ணம் தீட்டுவது எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். முன்கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள், பூஸ்டர் வந்தால் உயரமும் கிடைக்கும். கிளம்பும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம். வாசனைத் திரவியத்தைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் வயதுக்கும் எடைக்கும் ஏற்ப மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம்.

கைக்கெட்டும் இடத்தில் மூடிபோட்ட டப்பா ஒன்று, ஈரத்துணி, மாற்று உடை. டிக்கியின் அடியில் அல்ல.

கதைசொல்லி:

திரைக்குப் பதிலாக ஒலிக்கதைகளை முயன்று பாருங்கள். கண்ணுக்கு வேலை இல்லை, நான்கு பேரும் ஒன்றாகக் கேட்கலாம், ஓட்டுபவருக்கும் சலிப்புத் தட்டாது. வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தையும் இறக்கி வைத்தால் டேட்டா செலவில்லை. இடத்தைக் கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு இணையம் வேண்டாம்.

பெரியவளுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். காகித வரைபடம் ஒன்றை வாங்கி வழியைக் கோடு போட்டுத் தாருங்கள். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்விக்குத் தம்பிக்கு அவளே பதில் சொல்லுவாள். வளைவில்லாத நேர்சாலையில் மட்டும்.

வரவுசெலவு:

பொறுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. வழியில் பொம்மை, ஐஸ்கிரீம் என்று கேட்பார்கள் அல்லவா? கிளம்பும்போதே பெரியவள் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, "இந்த வாரம் முழுக்க இதுதான் உன் பணம், மிச்சம் பிடித்தால் உனக்கே" என்று சொல்லுங்கள். நம் பணத்தைக் கேட்பதில் இருக்கும் வேகம் தன் பணத்தை எடுப்பதில் இருக்காது.

அடுப்படி:

இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஏழு வயதுப் பிள்ளை முதல் நாளிலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு மீதி நாட்களில் ஏங்கிக்கொண்டிருக்கும். கொடுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள். தின்பண்டத்தை அதில் சேர்க்காதீர்கள், பசிக்கும்போது பிள்ளை காசை எண்ணக் கூடாது.

வரவுசெலவு:

நியாயம்தான். தின்பண்டத்தைச் சேர்க்க வேண்டாம்.

பெரியவர்கள் கணக்குக்கு: எரிபொருள், அறை, சாப்பாடு மூன்றையும் எல்லோரும் எழுதுகிறோம். விட்டுப்போவது சாலைச் சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம், நுழைவுச்சீட்டு, துணி துவைப்பது, கழிவறைச் சில்லறை. இவற்றுக்கு ஒரு தனி வரி போடுங்கள். வண்டி பழுதுக்கும் மருத்துவத்துக்கும் ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள், அதைப் பயணப் பணமாக எண்ணவே கூடாது. மீதியை நாட்களால் வகுத்து, இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் அன்றைய செலவை எழுதுங்கள். ஒரு நாள் அதிகமானால் மறுநாள் பூங்கா, ஆற்றங்கரை என்று காசில்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளலாம். பல அருங்காட்சியகங்களில் வாரத்திலோ மாதத்திலோ ஒரு நாள் நுழைவு இலவசம், அந்த நாள் எது என்று முன்பே பார்த்து அதற்கேற்ப நாளை மாற்றி வையுங்கள். வார இறுதியில் வாடகை கூடும் இடமென்றால், அந்த இரண்டு இரவுகளும் மலிவான ஊரில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதிக்கு நேரடியாக ஒரு போன் போடுங்கள். எத்தனை வயது வரை பிள்ளைக்குக் கட்டணமில்லை, கூடுதல் கட்டிலுக்கு எவ்வளவு, வண்டி நிறுத்த இடம் உண்டா, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள். இந்த நான்கையும் கேட்ட பிறகுதான் ஒரு வாடகை மலிவா இல்லையா என்பது தெரியும். ஊருக்கு வெளியே மலிவான அறை எடுத்து, தினமும் உள்ளே வந்து வண்டி நிறுத்தக் காசு கட்டினால் அது மலிவே இல்லை.

மின்வண்டி:

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் நன்றாகக் குறையும். அங்கேயே கழற்றிவிட்டு அடுத்த நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் சார்ஜ் போட வசதியுள்ள விடுதியாகத் தேடினால் வழியில் வேகச் சார்ஜருக்குக் கொடுப்பது பெருமளவு மிச்சம்.

மாலைவெயில்:

இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டத்தை மாற்றி எழுதினோம். ஐந்து ஊர் இரண்டாகிவிட்டது. முதல் ஊரில் நான்கு இரவுகள், சமையலறை உள்ள சிறு வீடு. இரண்டாவதில் இரண்டு இரவுகள். மொத்தத் தூரம் சுற்றுவதையும் சேர்த்து 850 கிலோமீட்டருக்குள் வருகிறது. குழந்தை இருக்கையை என் அண்ணி தருகிறார், தேதி பார்த்துவிட்டோம், பூஸ்டர் மட்டும் புதிதாக வாங்குகிறோம். இவ்வளவுக்குப் பிறகும் ஒதுக்கியதில் கொஞ்சம் மீதம் இருக்கிறது! முதல் நாள் 320 கிலோமீட்டர், விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். எத்தனை இடத்தில் நிறுத்துவது?

மூன்றுபிள்ளையம்மா:

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 15 நிமிடம். ஆக மொத்தம் மூன்று நிறுத்தங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று காலைச் சாப்பாட்டுக்கு. நிறுத்துமிடத்தைப் பிள்ளைகள் ஓடுவதற்காகத் தேர்ந்தெடுங்கள். புல்வெளியோ விளையாட்டுத் திடலோ உள்ள இடமாக வரைபடத்தில் முன்பே குறித்து வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி இறக்கிவிடாதீர்கள். ஒரு பந்து எடுத்துப்போங்கள்.

மாலைவெயில்:

பந்து எடுத்துவைத்துவிட்டேன் அக்கா. கடைசியாக ஒன்று. பையன் இப்போதுதான் டயப்பரை விட்டிருக்கிறான். வழியில் "இப்பவே வேணும்" என்பான், பத்து நிமிடம் பொறுக்க மாட்டான்.

அடுப்படி:

வீட்டில் அவன் உட்காரும் சின்னப் பிளாஸ்டிக் கழிப்புக் கோப்பையையே எடுத்துப்போங்கள். உள்ளே ஒரு பாலித்தீன் பையை விரித்து, அதில் ஒரு டயப்பரைப் போட்டு வைத்தால் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும், அப்படியே முடிச்சுப் போட்டு அடுத்த குப்பைத்தொட்டியில் போடலாம். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்து அங்கேயே உட்கார வைக்கலாம். அதனால் டிக்கியில் பெட்டிகளை ஏற்றும்போது அதைக் கடைசியாக, வாசலோரம் வையுங்கள். இருக்கையின் மேல் நீர் புகாத விரிப்பு போடுவதென்றால் பட்டையின் அடியில் பருமனாக எதுவும் வராமல் பாருங்கள், பெல்ட் தளர்ந்துவிடும்.

சக்கரம்:

பெட்டி ஏற்றும்போது இன்னொன்று. கனமானது அடியில், பின் இருக்கையின் முதுகோடு ஒட்டி இருக்கட்டும். பின்கண்ணாடிப் பலகையில் எதையும் வைக்காதீர்கள், திடீர் பிரேக்கில் எல்லாம் பிள்ளைகளின் தலையில் வந்து விழும். ஸ்டெப்னி உங்கள் காரில் டிக்கியின் அடியில் இருந்தால், அதை எடுக்க எந்தெந்தப் பெட்டியை இறக்க வேண்டும் என்று கிளம்புவதற்கு முதல் நாள் மாலையே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.